போவிஸ் கோட்டை, வேல்ஸ்: கிளைவ் குடும்பத்துப் பட்டம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுட்டு உள்ள போங்க

இங்க பர்மிங்ஹாம் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தா கூட்டிட்டுப் போற இடம் எல்லாம் ஒரே லிஸ்ட்தான், லண்டன், ஸ்ட்ராட்ஃபோர்டு, டிவிடேல் பெருமாள் கோயில், அவ்ளோதான். நான் இந்தத் தடவை அம்மாவை வேல்ஸ்ல இருக்கிற போவிஸ் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன், போயிட்டு வந்து ஒரு வாரம் ஆகியும் அம்மா அதைப் பத்தியே பேசிட்டு இருந்தாங்க, அதனாலதான் இதை எழுதுறேன். அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன். ஆனா ஒண்ணு, அந்தக் குடும்பத்தோட பட்டக் கதை தெரியாம உள்ள போனீங்கன்னா தங்கத்தையும் கத்தியையும் பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வெளிய வந்துடுவீங்க. தெரிஞ்சுட்டுப் போனீங்கன்னா கால் நகராது.

முதல்ல போற வழி. பர்மிங்ஹாம்ல இருந்து ஆபரிஸ்ட்வித் போற ட்ரெயின்ல ஏறினா மாறாம நேரா வெல்ஷ்பூல்ல இறங்கிடலாம், ஒன்றரை மணி நேரம்தான், ஷ்ரூஸ்பரி தாண்டினதும் ரெண்டு பக்கமும் பச்சை, ஆடு, மலை, ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்ப முடியாது. ஸ்டேஷன்ல இருந்து கோட்டை ரொம்ப தூரம் இல்ல, கடைத்தெரு வழியா போய் மான் மேயுற பார்க்குக்குள்ள நடந்தே போகலாம், ஆனா ஏத்தம். முட்டி வலி இருக்கிறவங்களோட போறீங்கன்னா டாக்ஸி வெச்சுக்கோங்க. நாங்க முந்தின நாளே போன்ல சொல்லி வெச்ச டாக்ஸி வரவே இல்ல, பேர் சொல்ல விரும்பல, இருபது நிமிஷம் ஸ்டேஷன் வாசல்லயே நின்னோம், அப்புறம் வேற ஒரு வண்டிக்காரர் வந்து ஏத்திட்டுப் போனாரு. அதனால ரெண்டு நம்பரா கையில வெச்சுக்கோங்க.

கோட்டை இப்ப நேஷனல் ட்ரஸ்ட் கையில இருக்கு, பழைய கோட்டை, மாளிகை எல்லாம் பராமரிக்கிற அமைப்பு. மெம்பர்ஷிப் இருந்தா உள்ள ஃப்ரீ, இல்லன்னா டிக்கெட், விலையும் நேரமும் சீசனுக்கு சீசன் மாறும், போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க. தூரத்துல இருந்து பாத்தாலே செக்கச்செவேல்னு நிக்கும், வெல்ஷ் பாஷையில இதுக்குப் பழைய பேரே செங்கோட்டைதான். 13ம் நூற்றாண்டுல க்ரிஃபித் அப் க்வென்வின்வின்னு ஒரு வெல்ஷ் இளவரசர் கட்டினது, வாயில நுழையாத பேரு, ஆனா அவரு இந்த மண்ணுக்காரர்ங்கிறதால சொல்றேன்.

சரி, பட்டத்துக்கு வருவோம். 1587ல சர் எட்வர்டு ஹெர்பர்ட்னு ஒருத்தர் இந்தக் கோட்டையை விலைக்கு வாங்குறாரு. அவரு ஒரு ஏர்லோட ரெண்டாவது மகன். இங்கிலாந்துல பட்டம்னா மூத்தவனுக்குத்தான் போகும், ரெண்டாவது பையனுக்கு ஒண்ணும் கிடையாது, அதனால ரெண்டாவது பையன் தனக்குன்னு ஒரு இடம் தேடி வாங்கிக்கணும். அவரோட மகனுக்கு 1629ல பாரன் போவிஸ்னு பட்டம் வருது. (பாரன்ங்கிறது கடைசிப் படி, அதுக்கு மேல வைகவுண்ட், அதுக்கு மேல ஏர்ல், அதுக்கு மேல மார்க்விஸ், உச்சியில டியூக்.) 1674ல அதே குடும்பம் ஏர்ல் ஆகுது, 1687ல மார்க்விஸ். பாரன்ல இருந்து மார்க்விஸுக்கு அறுபது வருஷத்துக்குள்ள. ஆனா அவங்க கத்தோலிக்கர்கள், கத்தோலிக்க ராஜா ரெண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓடினப்ப இவங்களும் கூடவே பிரான்ஸுக்குப் போயிட்டாங்க, நாடு இழந்த ராஜா அங்க உக்காந்துக்கிட்டு இவருக்கு டியூக் பட்டம் குடுத்தாரு, இங்கிலாந்துல அதை யாரும் ஏத்துக்கல. 1748ல அந்த வம்சத்துல ஆண் வாரிசு இல்லாம மார்க்விஸ் பட்டம் முடிஞ்சு போச்சு.

அதே வருஷம் தூரத்துச் சொந்தமான இன்னொரு ஹெர்பர்ட்டுக்கு ஏர்ல் ஆஃப் போவிஸ் பட்டத்தைப் புதுசா குடுத்தாங்க, அவரு மூணு வருஷம் கழிச்சு கடைசி மார்க்விஸோட தம்பி மகளையே கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. இது ரெண்டாவது தடவை. அவரோட மகன் கல்யாணமே பண்ணிக்காம 1801ல செத்துப் போக அதுவும் முடிஞ்சுது. கோட்டையும் அப்ப நல்ல நிலைமையில இல்ல, கடன், ஒழுகுற கூரை. மிச்சம் இருந்தது அந்த மகனோட தங்கச்சி ஹென்றியட்டா மட்டும்தான், ஆனா அவங்க பொண்ணு, பட்டம் வராது. அவங்க 1784லயே ஒருத்தரைக் கட்டிக்கிட்டாங்க. அந்த மாப்பிள்ளை பேரு எட்வர்டு கிளைவ். ராபர்ட் கிளைவோட மூத்த மகன்.

இங்கதான் நம்ம ஊரு கதைக்குள்ள வருது.

ராபர்ட் கிளைவ் இந்தக் கோட்டையில வாழ்ந்தாருன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு வராங்க, இல்ல. அவரு 1774லயே லண்டன் பெர்க்லி ஸ்கொயர் வீட்டுல செத்துட்டாரு, மகன் கல்யாணத்துக்கே பத்து வருஷம் முன்னாடி. ஆனா கோட்டையைக் காப்பாத்தின பணம் அவர் பணம். அந்தப் பணம் எப்படி வந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. 1744ல ஷ்ராப்ஷயர் கிராமத்துல இருந்து மெட்ராஸுக்கு வந்து இறங்குறப்ப அவரு கிழக்கிந்தியக் கம்பெனியில கிளார்க், சம்பளம் வருஷத்துக்கு 5 பவுண்டு. வருஷத்துக்குங்க, மாசத்துக்கு இல்ல. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள கணக்கு எழுதிட்டு இருந்த பையன். 1746ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சப்ப வேஷம் மாத்திக்கிட்டுக் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்குத் தப்பிச்சு ஓடினவரு, 1751ல ஆற்காட்டுல ஏழு வாரத்துக்கு மேல முற்றுகையைத் தாங்கி நின்னு பேர் வாங்கினாரு, 1753ல கோட்டைக்குள்ள இருக்கிற செயின்ட் மேரீஸ் சர்ச்லதான் கல்யாணம். அந்த சர்ச் இன்னும் இருக்கு, தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்துலயே, சென்னைல இருக்கிறவங்க போய்ப் பாக்கலாம். 1757 ஜூன் 23 பிளாசி யுத்தம். மீர் ஜாஃபரை வங்காள நவாப் ஆக்கி உக்கார வெச்சதுக்கு அவர் கைக்கு வந்தது 2,34,000 பவுண்டு, அது போக வருஷா வருஷம் 27,000 பவுண்டு வர்ற ஜாகீர், அதாவது நில வருமானம். அஞ்சு பவுண்டு கிளார்க், பதிமூணே வருஷத்துல.

பணம் வந்தாச்சு, அடுத்து பட்டம் வேணும். 1762ல குடுத்தாங்க, ஆனா அயர்லாந்து பட்டம். 'பாரன் கிளைவ் ஆஃப் பிளாசி, கவுண்டி கிளேர்'. வங்காளத்து ஊர்ப் பேரு அயர்லாந்துல எப்படின்னு கேக்குறீங்களா, அவருக்கு அங்க லிமரிக் பக்கத்துல நிலம் இருந்துச்சு, அதுக்குப் பிளாசின்னு பேரை வெச்சாரு. அந்தப் பேரு இன்னிக்கும் இருக்கு, லிமரிக் யுனிவர்சிட்டி இருக்கிற இடமே பிளாசிதான். அயர்லாந்து பட்டம்னா லண்டன்ல லார்ட்ஸ் சபையில உக்கார முடியாது, அதனாலதான் அவரு லார்டு கிளைவ்னு பேரை வெச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் ஷ்ரூஸ்பரி எம்பியா காமன்ஸ் சபையில இருந்தாரு. அவருக்கு அது பெரிய குறை. இந்த அயர்லாந்து பட்ட விஷயத்துல அவரு மட்டும் இல்ல, ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடிச்சதுக்குப் பரிசா 1799ல கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லிக்கு அயர்லாந்து மார்க்விஸ் பட்டம் குடுத்தப்ப, ரெண்டு தடவை தங்க முலாம் பூசின உருளைக்கிழங்குன்னு சொல்லி வயிறு எரிஞ்சாரு.

1770ல வங்காளத்துல பஞ்சம், லட்சக்கணக்குல ஜனம் செத்துச்சு. அதுக்கு அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல பார்லிமென்ட்ல கிளைவை நிக்க வெச்சு எவ்ளோ எடுத்தன்னு கேள்வி கேட்டாங்க. அவ்ளோ கிடைக்கக்கூடிய இடத்துல நான் இவ்ளோ கம்மியா எடுத்துக்கிட்டதை நினைச்சா எனக்கே ஆச்சரியமா இருக்குங்கிற அர்த்தத்துல அவரு பதில் சொன்னதா இன்னிக்கு வரைக்கும் சொல்லுவாங்க. அந்த வரியை அம்மாகிட்ட ட்ரெயின்ல வரும்போதே சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

அம்மாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எங்களுக்குக் கோவில்பட்டி. அம்மா முப்பது வருஷம் ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. திருநெல்வேலிக்குப் பஸ்ல போறப்பல்லாம் கயத்தாறு வந்தா, கட்டபொம்மன் சிலை பக்கமா என் தலையைத் திருப்பி விடுவாங்க, தூங்கிட்டு இருந்தாலும் எழுப்பி விட்டுப் பாக்கச் சொல்லுவாங்க. 1799 அக்டோபர் 16, அங்கதான் தூக்குல போட்டாங்க, அது எனக்கு மூணாவது படிக்கும்போதே மனப்பாடம். ஆனா அப்ப மெட்ராஸ் கவர்னர் யாருன்னு எந்தப் பரீட்சையிலயும் கேட்டது இல்ல, நானும் யோசிச்சது இல்ல. எட்வர்டு கிளைவ். ஹென்றியட்டாவைக் கட்டின அதே எட்வர்டு கிளைவ். 1798ல இருந்து 1803 வரைக்கும் அவர்தான் கவர்னர்.

அந்த அஞ்சு வருஷத்தை அப்படியே வரிசையா வெச்சுப் பாருங்க. 1799 மே 4, திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துல விழுறாரு. அதே வருஷம் தஞ்சாவூர் ராஜ்ஜியம் கம்பெனி கைக்குப் போகுது. அக்டோபர்ல கயத்தாறு. 1801ல ஊமைத்துரை திரும்பக் கட்டின பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை விழுத்தாட்டித் தரைமட்டம் ஆக்குறாங்க. ஜூன் மாசம் சின்ன மருது திருச்சியிலயும் ஸ்ரீரங்கத்துலயும் அறிக்கை ஒட்டுறாரு, அக்டோபர் 24 திருப்பத்தூர்ல மருது சகோதரர்கள் ரெண்டு பேரையும் தூக்குல போடுறாங்க. அதுக்கு நடுவுல ஜூலை கடைசியில ஆற்காடு நவாபோட நாடு மொத்தமும் எழுதி வாங்கியாச்சு. முடிவு எல்லாம் இவரு தலையில உதிச்சதுன்னு நான் சொல்ல வரல, திப்புவோட யுத்தத்துக்கு வெல்லஸ்லியே கல்கத்தாவுல இருந்து மெட்ராஸுக்கு வந்து உக்காந்துக்கிட்டுத்தான் நடத்தினாரு. ஆனா நாற்காலி இவரோடது, எல்லாம் இவரு ஆட்சியில நடந்தது. ஊருக்குத் திரும்பினாரு, 1804 மே மாசம் பட்டம் வந்துச்சு. பாரன் போவிஸ், பாரன் ஹெர்பர்ட், வைகவுண்ட் கிளைவ், ஏர்ல் ஆஃப் போவிஸ், நாலும் ஒரே நாள்ல. போவிஸுக்கு ஏர்ல் உண்டானது இது மூணாவது தடவை, அது இன்னிக்கு வரைக்கும் ஓடிட்டு இருக்கு. அப்பாவுக்குக் கிடைக்காத லார்ட்ஸ் சபை சீட்டு இவருக்கு 1794லயே தனியா ஒரு பாரன் பட்டத்தால கிடைச்சிருந்தது.

இதை எல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு இப்ப உள்ள வாங்க.

பிரதான படிக்கட்டுல சுவரும் கூரையும் முழுக்க ஓவியம், 1705ல லான்ஸ்க்ரூன்னு ஒரு ஓவியர் வரைஞ்சது, கழுத்து வலிக்கிற வரைக்கும் பாக்கலாம். மேல ஒரு ஸ்டேட் பெட்ரூம், கட்டிலுக்கு முன்னாடி மரத்துல தடுப்புக் கம்பி போட்டு, சன்னிதியில குறுக்குக் கம்பி போட்டிருக்கிற மாதிரியே இருக்கும், ராஜா வந்தா படுக்கிறதுக்குன்னு. லாங் கேலரியில ரோமானியர் காலத்துப் பளிங்குப் பூனை ஒண்ணு பாம்பைப் பிடிச்சுட்டு இருக்கும், ராபர்ட் கிளைவ் இத்தாலியில வாங்கினது, குழந்தைங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். இதையெல்லாம் மேலோட்டமா பாத்துட்டு வந்தா போதும். நேரத்தை மிச்சம் பண்ணி கிளைவ் மியூசியத்துக்குக் குடுங்க. ஒண்ணரை மணி நேரமாவது.

இந்தியப் பொருள் முன்னூறுக்கு மேல இருக்கு ஒரே இடத்துல. லைட் மங்கலாத்தான் வெச்சிருக்காங்க, துணி வெளுத்துடக் கூடாதுன்னு, கண்ணு பழகுறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும், அவசரப்படாதீங்க. தந்தத்துல செஞ்ச சாமிங்க, ஹூக்கா, கத்தி, கேடயம், வங்காள நவாப் சிராஜ் உத்தௌலா பிளாசியில விட்டுட்டுப் போனதுன்னு சொல்லப்படுற பல்லக்கு. பெஞ்சமின் வெஸ்ட் வரைஞ்ச பெரிய ஓவியம் ஒண்ணும் கோட்டையில இருக்கு, மொகலாயப் பாதுஷா ஷா ஆலம் கிளைவ் கையில வங்காளத்து திவானி உரிமையை, அதாவது வரி வசூல் பண்ற உரிமையை எழுதிக் குடுக்கிற காட்சி, சிம்மாசனம் என்ன, யானை என்ன, கூட்டம் என்ன. அந்த ஓவியர் இந்தியாவுக்கு வந்ததே இல்ல. 1765ல உண்மையில அது நடந்தது கிளைவோட கூடாரத்துக்குள்ள, சாப்பாட்டு மேஜை மேல ஒரு நாற்காலியைத் தூக்கி வெச்சு அதைத்தான் சிம்மாசனமா ஆக்கினாங்க. படத்தைப் பாக்கும்போது அந்தச் சாப்பாட்டு மேஜையை நினைச்சுக்கோங்க.

திப்புவோட கூடாரம். இதுக்காகவே போகலாம். கூடாரம்னா நம்ம ஆளுங்க கேன்வாஸ்னு நினைப்பாங்க, இது பருத்தித்துணி, வெள்ளைத் தரையில வரிசை வரிசையா வளைவு, ஒவ்வொரு வளைவுக்குள்ளயும் ஒரு பூஞ்சாடி, அதுல இருந்து சிவப்பும் பச்சையுமா பூங்கொத்து மேல எழும்பிப் போகுது, சீட்டித்துணிக் கைவேலை. இருநூறு வருஷம் தாண்டியும் அந்தச் சிவப்பு இன்னும் சிவப்பாவே இருக்கு. 2015ல லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இந்தியத் துணி கண்காட்சி வெச்சப்ப இதை அங்க நிறுத்திக் காட்டினாங்க. இந்தக் குடும்பம் ரொம்ப நாளா இதைத் தோட்டத்துல விருந்து வெக்கிறப்ப பந்தலா போட்டுக்கிட்டாங்கன்னு சொல்றாங்க. அம்மா பக்கத்துல போய் மூக்குக் கண்ணாடியை நெத்தி மேல ஏத்திக்கிட்டு ஒரு பூவை மட்டும் ரொம்ப நேரம் பாத்தாங்க. "ஏய்யா, இதுல அச்சு எங்க மாறுதுன்னு பாரு, ஒரு இதழ் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கு"ன்னாங்க. எனக்கு முதல்ல தெரியல, அப்புறம் தெரிஞ்சுது, ஒரு இதழோட சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவு வெளிய வந்திருக்கு. யாரோ ஒருத்தர் கை, அன்னிக்கு லேசா அசைஞ்சிருக்கு.

அடுத்து புலித்தலை. திப்புவோட தங்கச் சிம்மாசனத்தைப் போர் முடிஞ்சதும் கொள்ளைப் பங்கு பிரிக்கிறவங்க உடைச்சுத் துண்டு துண்டா பங்கு போட்டுட்டாங்க. அதோட கைப்பிடி ஓரத்துல எட்டு சின்னப் புலித்தலை இருந்துச்சு, அதுல ஒண்ணு இங்க. உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். தங்கத்தகடு, மாணிக்கம், வைரம், மரகதம், வாயைப் பிளந்துட்டு இருக்கும். இதே செட்டுல இன்னொண்ணு 2021ல வெளிநாட்டுக்குப் போக இருந்தப்ப பிரிட்டிஷ் அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்தி வெச்சுது, விலை 15 லட்சம் பவுண்டு. கண்ணாடிப் பெட்டிக்கு எதிர்ல நின்னா அது நம்மளையேதான் பாக்குது, பக்கவாட்டுல நகர்ந்தா பல்லு தெரியுது. நான் போட்டோவுல பல தடவை பாத்ததுதான், நேர்ல இவ்ளோ சின்னதா இருக்கும்னு எதிர்பாக்கல, சின்னதா இருக்கிறதாலதான் நெஞ்சை என்னமோ பண்ணுது. சட்டைப் பையில போட்டு எடுத்துட்டு வர்ற சைஸ்.

ஹென்றியட்டாவைப் பத்தியும் சொல்லணும், அவங்க சும்மா கவர்னர் பொண்டாட்டியா மெட்ராஸ்ல உக்காந்திருக்கல. 1800ல ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிட்டு யானை, பல்லக்கு, ஆளு அம்புன்னு ஆயிரம் மைலுக்கு மேல தென்னிந்தியா பூரா சுத்தினாங்க, பெங்களூரு, ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர்னு மாசக்கணக்கா. செடி சேத்தாங்க, கல்லு சேத்தாங்க, ரெண்டாவது பொண்ணு சார்லட் 12 வயசுல டைரி எழுதிட்டே வந்தா. அந்தச் சார்லட்தான் பின்னாடி நார்தம்பர்லாண்ட் டச்சஸ் ஆகி, விக்டோரியா இளவரசியா இருந்தப்ப அவங்களுக்கு கவர்னஸா, அதாவது வீட்டு டீச்சரா இருந்தாங்க. மெட்ராஸ்ல விளையாடின பொண்ணு மகாராணியை வளர்த்திருக்கு, எனக்கு இது புதுசு. ஹென்றியட்டாவை சின்ன வயசுல ரெனால்ட்ஸ் வரைஞ்ச படம் கோட்டையில இருக்கு, பாத்துடுங்க.

அந்த ரூம்ல இருந்த வாலண்டியர் அம்மா, எழுபது வயசு இருக்கும், எங்க அம்மா ரொம்ப நேரம் நின்னதைப் பாத்துட்டு அவங்களே வந்து பேசினாங்க. எங்க அம்மா இங்கிலீஷ்ல, டீச்சர் இங்கிலீஷ், நிறுத்தி நிறுத்தி, கட்டபொம்மன் கதையைச் சொன்னாங்க, கயத்தாறு எங்க ஊர்ல இருந்து பக்கம்னு சொன்னாங்க, 1799னு சொன்னாங்க. அந்த அம்மா ஒரு வார்த்தை குறுக்க பேசாம கேட்டுட்டு, பேரை எப்படி எழுதுறதுன்னு கேட்டு ஒரு சின்ன நோட்டுல எழுதி வாங்கிக்கிட்டாங்க. எங்க அம்மா தமிழ்லயும் எழுதிக் குடுத்தாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இந்த ரிவ்யூல நான் குடுக்கிற அஞ்சு ஸ்டார்ல ரெண்டு அவங்களுக்கு.

பட்டக் கதையோட மிச்சத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா கோட்டை ஏன் ட்ரஸ்ட் கைக்கு வந்துச்சுன்னு அதுலதான் தெரியும். ஹென்றியட்டாவோட அண்ணன் சொத்தைத் தங்கச்சி புருஷனுக்கு எழுதல, தங்கச்சி மகனுக்கு எழுதினாரு, ஒரு கண்டிஷனோட, கிளைவ்ங்கிற பேரை விட்டுட்டு ஹெர்பர்ட்னு மாத்திக்கணும். 1807ல மாத்திக்கிட்டாரு. அதனாலதான் இன்னிக்கு இந்த ஏர்ல் குடும்பத்துல யாரும் கிளைவ் இல்ல, எல்லாரும் ஹெர்பர்ட். கிளைவ்ங்கிற பேரு மூத்த மகனைக் கூப்பிடுற மரியாதைப் பட்டமா, வைகவுண்ட் கிளைவ்னு ஒட்டிக்கிட்டு இருக்கு. பேரு மாத்தின அந்த ரெண்டாவது ஏர்ல் 1848ல இங்கயே வேட்டையாடுறப்ப சொந்த மகன் துப்பாக்கி தவறுதலா சுட்டுச் செத்தாரு.

நாலாவது ஏர்ல்தான் கடைசியா கோட்டையை வெச்சிருந்தவரு. அவரோட மூத்த மகன் 1916ல சோம் போர்க்களத்துல பட்ட காயத்துல போயிட்டாரு, ரெண்டாவது மகன் 1943ல விமான விபத்துல. பொண்டாட்டி வயலட், இந்தத் தோட்டத்தை இப்படி ஆக்கினவங்க, 1929ல கார் விபத்துல. ரெண்டாவது மகனுக்கு ஒரு பொண்ணு மட்டும். பட்டம் பேத்திக்குப் போகாது, அப்ப ஏர்ல் பட்டம் ஒரு பங்காளிக்குப் போச்சு, கோட்டையை அந்த நாலாவது ஏர்ல் 1952ல நேஷனல் ட்ரஸ்டுக்குக் குடுத்துட்டாரு. ஆனா இதுல ஒரு விஷயம், பாட்டி வயலட் வழியில டார்சி டி நெய்த்னு ரொம்பப் பழைய பாரன் பட்டம் ஒண்ணு இருந்துச்சு, அது பொண்ணுக்கும் போகும். அதனால அந்தப் பேத்தி டவீனா நாலு வயசுல அந்தப் பட்டத்துக்கு வந்தாங்க, 1964ல கார் விபத்துல புருஷனும் போய், தானும் நடக்க முடியாம ஆகி, வீல்சேர்ல உக்காந்தே லார்ட்ஸ் சபைக்குப் போய் மாற்றுத்திறனாளிகளுக்காக வருஷக்கணக்கா பேசினவங்க. 1999ல பரம்பரை ஆளுங்களை எல்லாம் சபையை விட்டு எடுத்து 92 பேரை மட்டும் வெச்சப்ப அந்த 92ல அவங்களும் ஒருத்தர். இந்த மொத்தக் குடும்பத்துல எனக்கு மனசுக்குப் பிடிச்ச ஆளு அவங்கதான். ஏர்ல் பட்டம் இப்ப எட்டாவது ஆளுகிட்ட இருக்கு.

தோட்டம். மூணு நாலு அடுக்கா மலையில வெட்டின மாடித்தோட்டம், யூ மரத்தை மாடி உயரத்துக்கு வளர விட்டு மேகம் மாதிரி உருட்டி வெட்டி வெச்சிருக்காங்க, ஈயத்துல செஞ்ச ஆயர் பொண்ணு சிலைங்க, கீழ நின்னு மேல பாத்தா செங்கோட்டை, மேல நின்னு கீழ பாத்தா செவெர்ன் பள்ளத்தாக்கு. மயில் உலாத்துது. அம்மா மயிலைப் பாத்ததும் கன்னத்துல போட்டுக்கிட்டு முருகான்னாங்க. கஃபேல ஸ்கோனும் டீயும் நல்லா இருந்துச்சு, ஆனா நாங்க புளியோதரை கட்டிட்டுப் போயிருந்தோம், மான் பார்க்ல ஒரு மரத்தடியில உக்காந்து சாப்பிட்டோம், வெளியில சாப்பிட நல்ல இடம்.

படிக்கட்டு நிறைய, கோட்டைக்குள்ளயும் தோட்டத்துலயும், வயசானவங்க கூட போனா மேல அடுக்கு மட்டும் பாத்தா போதும். மழைக்கோட்டு கண்டிப்பா. ஒரே நாள்ல ஷ்ரூஸ்பரியையும் சேக்கணும்னா காலையில சீக்கிரம் கிளம்புங்க, அங்க சதுக்கத்துல 1860ல வெச்ச ராபர்ட் கிளைவ் சிலை இருக்கு, 2020ல எடுக்கச் சொல்லி நிறைய பேர் கையெழுத்துப் போட்டாங்க, கவுன்சில் வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணிடுச்சு. நாங்க திரும்பி வரும்போது ட்ரெயின்ல இருந்தே ஷ்ரூஸ்பரியைப் பாத்துக்கிட்டோம், இறங்கல, அம்மா வேண்டாம்னுட்டாங்க.

ட்ரெயின்ல அம்மாகிட்ட இன்னொண்ணு சொன்னேன். அண்ணாசாலை ராஜாஜி ஹால் இருக்கில்ல, அதைக் கட்டினது இதே எட்வர்டு கிளைவ்தான், 1800ல ஆரம்பிச்சு 1802ல முடிச்சது, கோல்டிங்ஹாம்னு வானியல் ஆராய்ச்சி பண்ற ஆளு வரைபடம் போட்டாரு, ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியைக் கொண்டாட விருந்து மண்டபம். ஒரு பக்க முகப்புல அப்பாவோட பிளாசி, இன்னொரு பக்கம் ஸ்ரீரங்கப்பட்டணம்னு வெற்றிச் சின்னம் வெச்சிருந்தாங்க. அம்மாவுக்கு இது தெரியல. எம்ஜிஆர் இறந்தப்ப எங்க தாத்தா கோவில்பட்டியில இருந்து லாரி ஏறிப் போய் அந்தப் படிக்கட்டுல வரிசையில நின்னவரு. அண்ணா, காமராஜர், எம்ஜிஆர், அப்புறம் ஜெயலலிதா, கலைஞர், எல்லாரையும் அங்கதான் கிடத்தினாங்க.

அம்மா ஊருக்குப் போய்ப் பத்து நாள் ஆச்சு. மெட்ராஸ்ல சித்தி வீட்டுல ரெண்டு நாள் தங்கினாங்க. நேத்து வாட்ஸப்ல ஒரு போட்டோ வந்துச்சு, ஆட்டோவுக்குள்ள இருந்து எடுத்தது, கொஞ்சம் ஆடிப் போயிருக்கு, வெள்ளைத் தூணும் அகலமான படியும் மட்டும் தெரியுது. கீழ எழுதியிருந்தாங்க, "தாத்தா நின்ன படி. அந்த நோட்டுல எழுதி வாங்கிக்கிட்ட அம்மாவுக்கு இதை அனுப்ப வழி இருக்கான்னு பாருய்யா."